ஐந்து டாலர் சந்தா, 160 கோடி டாலர் நன்கொடை

அமெரிக்காவின் பெரிய சட்டக் கல்லூரி எதற்குப் போனாலும், மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஏதாவது ஒரு வகுப்பறை நிரம்பி வழியும். வாசலில் ஒரு மேஜை. அதன்மேல் காகித உறையில் சுற்றிய சிக்-ஃபில்-ஏ கோழி சாண்ட்விச்சுகள். காசு கிடையாது, எடுத்துக்கொள்ளலாம். உள்ளே வெளியூரிலிருந்து வரவழைத்த வலதுசாரி வழக்கறிஞர் ஒருவரும், அதே கல்லூரியின் தாராளவாதப் பேராசிரியர் ஒருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரு மணி நேரம் வாதம் செய்வார்கள். கேட்பவர்களில் பாதிப் பேர் சாண்ட்விச்சுக்காக வந்தவர்கள். கூட்டம் நடத்தும் அமைப்பின் சின்னம், அரசியல் சாசனத்தின் தந்தை என்று அவர்கள் கொண்டாடும் ஜேம்ஸ் மாடிசனின் பக்கவாட்டு நிழலுருவம். மாணவர்களுக்கு ஆண்டுச் சந்தா 5 டாலர்.

ஃபெடரலிஸ்ட் சொசைட்டி. இன்றைய அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளில் ஆறு பேர் ஏதோ ஒரு கட்டத்தில் இதன் உறுப்பினராகவோ, மேடைக்கு வாடிக்கையாக வந்துபோகிறவராகவோ இருந்தவர்கள். கருக்கலைப்பு உரிமையை ரத்து செய்த 2022 தீர்ப்பைத் தாங்கி நின்ற கைகள் அவர்களில் ஐந்து பேருடையவை. ஆனால் சொசைட்டியிடம் கேட்டால், 'எந்த வழக்கிலும் எங்களுக்கு நிலைப்பாடு கிடையாது, எந்த வேட்பாளரையும் நாங்கள் ஆதரிப்பதில்லை, நாங்கள் வெறும் விவாத மன்றம்' என்பார்கள். அதில் பொய் எதுவும் இல்லை என்பதுதான் இந்தக் கதையின் சுவாரஸ்யம்.

1982 ஏப்ரலில் யேல் பல்கலைக்கழகத்தில் ஒரு கருத்தரங்கு நடந்தது. ஏற்பாடு செய்தவர்கள் மாணவர்கள்: யேலில் ஸ்டீவன் கலபிரேசி, சிகாகோவில் டேவிட் மெக்கின்டாஷ், லீ லீபர்மன். சிகாகோவில் அவர்களுக்கு வழிகாட்டிய பேராசிரியர் அன்டனின் ஸ்கலியா, யேலில் ராபர்ட் போர்க். ரீகன் அதிபராகிவிட்டார், வெள்ளை மாளிகை கைக்கு வந்துவிட்டது, சட்டக் கல்லூரிகளும் நீதிமன்றங்களும் மட்டும் இன்னும் தாராளவாதிகள் கையில் என்ற ஆதங்கம் அந்த இளைஞர்களுக்கு. அரசியல் சாசனத்தை எழுதியபோது அதற்கு என்ன பொருளோ அதுவே இன்றும் பொருள், நீதிபதி தன் ஆசைகளை அதற்குள் திணிக்கக் கூடாது என்ற வாதத்தை அவர்கள் கொடியாகப் பிடித்தார்கள்.

கொடி பிடிக்கக் காசு வேண்டுமே. இர்விங் கிறிஸ்டல் போன்ற புதிய பழமைவாதிகள் நடத்திய ஒரு கல்வி நிதியம் முதலில் கை கொடுத்தது. பிறகு ரசாயனத்திலும் தோட்டாவிலும் சம்பாதித்த ஜான் ஒலின் என்பவரின் அறக்கட்டளை, ஸ்கேஃப், பிராட்லி, கோக் குடும்பங்களின் நிதியங்கள் என்று வரிசையாக வந்தன. ஒலின் அறக்கட்டளை இருபது ஆண்டுகளில் சொசைட்டிக்குக் கொடுத்தது மொத்தம் சுமார் 55 லட்சம் டாலர். இன்றைய அமெரிக்கத் தேர்தலில் ஒரு செனட் தொகுதியின் ஒரு வாரத் தொலைக்காட்சி விளம்பரத்துக்கே இது காணாது. ஆனால் மற்ற பணக்காரர்கள் அடுத்த தேர்தலுக்குச் செலவழித்துக்கொண்டிருந்தபோது, இவர்கள் முப்பது வருஷம் கழித்து நீதிபதியாகப் போகிற இருபத்துமூன்று வயதுப் பையனுக்குச் செலவழித்தார்கள். அந்தப் பொறுமையை எதிராளிகூட மெச்சத்தான் வேண்டும்.

தலைமையிலும் அதே பொறுமை. யூஜின் மேயர் என்பவர் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் சொசைட்டியை நடத்தினார். பழமைவாதச் சிந்தனையாளர் ஃபிராங்க் மேயரின் மகன். சதுரங்கத்தில் சர்வதேச மாஸ்டர் பட்டம் பெற்றவர். பேட்டிகளில் அதிகம் தலைகாட்டாதவர். 2025 தொடக்கத்தில் அவருடைய நாற்காலி ஷெல்டன் கில்பர்ட்டுக்கு வந்தது. வெளியுலகம் அறிந்த முகம் என்னவோ இவர்கள் இருவருமே அல்ல.

லியோனார்ட் லியோ. கார்னல் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதே சொசைட்டியின் மாணவர் கிளையைத் தொடங்கியவர். 1991ல் முழு நேர ஊழியராகச் சேர வேண்டியவர், கிளாரன்ஸ் தாமஸ் உச்ச நீதிமன்றத்துக்குப் போக செனட்டில் நடந்த போராட்டத்தில் உதவுவதற்காகச் சேருவதையே தள்ளிப்போட்டார். செயல் துணைத் தலைவர் என்பது அவருடைய பதவியின் பெயர். செய்த வேலை ஆள் அறிதல். எந்த ஊரில் எந்த இளம் வழக்கறிஞர் நன்றாக எழுதுகிறார், எந்த மாவட்ட நீதிபதி நெருக்கடியில் வளைய மாட்டார், யாருக்குப் பதவி ஆசை இருக்கிறது, யாருக்கு மனைவியின் வேலை காரணமாக ஊர் மாற முடியாது என்றெல்லாம் தெரிந்து வைத்திருப்பது.

இந்த ஆள் அறிதலுக்கு ஏன் அத்தனை மதிப்பு வந்தது என்பதற்கு மூன்று பெயர்கள் போதும். 1987ல் போர்க்கை ரீகன் உச்ச நீதிமன்றத்துக்கு முன்மொழிந்தார். தன் கருத்துகளை வெளிப்படையாக எழுதிவைத்த பாவத்துக்கு 58க்கு 42 என்ற கணக்கில் செனட் அவரை வீட்டுக்கு அனுப்பியது. 1990ல் அப்பா புஷ், எதுவுமே எழுதிவைக்காத டேவிட் சூட்டரைக் கொண்டுவந்தார். சுலபமாக உள்ளே போனவர், காலப்போக்கில் தாராளவாதிகள் பக்கம் சாய்ந்தார். எழுதினால் உதை, எழுதாவிட்டால் ஏமாற்றம். காகிதத்தில் இல்லாததை அறிய ஒரே வழி, ஆளைக் கல்லூரி நாளிலிருந்தே தெரிந்து வைத்திருப்பதுதான். 2005ல் மகன் புஷ் தன் சொந்த வழக்கறிஞர் ஹாரியட் மையர்ஸை நிறுத்தியபோது, இந்த வட்டாரத்துக்கு அவரை யாரென்றே தெரியவில்லை. கிளம்பிய எதிர்ப்பில் அவர் பெயர் திரும்பப் பெறப்பட்டது. அந்த இடத்துக்கு வந்தவர் சாமுவேல் அலிட்டோ. அவரை எல்லோருக்கும் தெரியும்.

அதே 2005ல் நடந்த இன்னொரு விஷயம் வேடிக்கையானது. ஜான் ராபர்ட்ஸ் நீதிபதிப் பதவிக்கு நிறுத்தப்பட்டபோது, சொசைட்டியில் உறுப்பினராக இருந்ததாக அவருக்கு நினைவில்லை என்றது வெள்ளை மாளிகை. சில நாளில் வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை 1997-98 ஆண்டுக்கான சொசைட்டியின் நிர்வாகிகள் கையேட்டைத் தேடிப்பிடித்தது. வாஷிங்டன் கிளையின் வழிகாட்டுக் குழுவில் ராபர்ட்ஸ் பெயர் அச்சாகி இருந்தது. நினைவில்லை என்ற பதில் அப்படியே நின்றது. அவர் தலைமை நீதிபதியாகவும் ஆனார். இன்றும் உறுப்பினர் பட்டியலை சொசைட்டி வெளியிடுவதில்லை. எண்ணிக்கையை மட்டும் சொல்வார்கள்: பல பத்தாயிரம் பேர், இருநூறுக்கும் மேற்பட்ட சட்டக் கல்லூரிகளில் கிளைகள்.

2016 பிப்ரவரியில் ஸ்கலியா திடீரென்று இறந்தார். அடுத்த சில வாரங்கள் நம்மூர்ப் பத்திரிகைகளுக்கும் பரபரப்பு, ஏனென்றால் ஒபாமாவின் பரிசீலனையில் திருநெல்வேலிப் பக்கத்துப் பூர்வீகம் கொண்ட ஸ்ரீ சீனிவாசனின் பெயர் இருந்தது. ஒபாமா தேர்ந்தெடுத்ததோ மெரிக் கார்லண்டை. குடியரசுக் கட்சியின் செனட் அவரை விசாரணைக்குக்கூட அழைக்காமல் தேர்தல்வரை ஊறப்போட்டது. அந்த மார்ச் மாதம், கட்சிக்காரர்களே நம்பாத வேட்பாளராக இருந்த டிரம்ப், வாஷிங்டனில் ஒரு வழக்கறிஞர் நிறுவனத்தின் அலுவலகத்தில் லியோவைச் சந்தித்தார். நீதிபதிகள் பட்டியல் ஒன்று வேண்டும் என்றார். மே மாதம் 11 பெயர்கள் வெளியாயின, செப்டம்பரில் இன்னும் 10. வேட்பாளர் ஒருவர் தான் நியமிக்கப்போகும் நீதிபதிகளின் பெயரை முன்கூட்டியே அச்சடித்துக் கொடுத்தது அமெரிக்காவில் அதுவரை இல்லாத வழக்கம். மதப்பற்றுள்ள வாக்காளர்களுக்கு மூன்றாவது மனைவியோடு வாழும் சூதாட்ட விடுதி முதலாளியை நம்ப அந்தப் பட்டியல் ஒரு காரணம் கொடுத்தது. நியமன வேலையை வெளியே குத்தகைக்கு விட்டுவிட்டதாக எழுந்த புகாருக்கு, வெள்ளை மாளிகை வழக்கறிஞர் டான் மெக்கான் 2017ல் சொசைட்டியின் மாநாட்டு மேடையிலேயே பதில் சொன்னார்: நானே இதன் உறுப்பினர்தானே, அப்புறம் எங்கே வெளியே? அரங்கம் சிரித்தது.

இனிக் கணக்கு வழக்கு.

சொசைட்டியின் வருமானம் ஆண்டுக்கு இரண்டு கோடி டாலரைச் சற்றுத் தாண்டும். இது வரிச் சட்டத்தின் 501-சி-3 பிரிவில் வரும் தர்ம ஸ்தாபனம்: நன்கொடைக்கு வரிவிலக்கு உண்டு, தேர்தலில் இறங்கத் தடை உண்டு. ஆண்டுதோறும் தாக்கல் செய்யும் 990ஆம் எண் படிவத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நன்கொடையாளர் பெயர் இருக்கும் பக்கம் மட்டும் கறுப்பு மை பூசித்தான் வரும். அந்தப் படிவத்தை எவ்வளவு துருவினாலும் நீதிபதி நியமனத்துக்காகச் செலவான பெரும் பணம் அகப்படாது. அது அங்கே இல்லை. பக்கத்து வீடுகளில் இருக்கிறது.

பக்கத்து வீடுகள் பெரும்பாலும் 501-சி-4 வகை: நன்கொடைக்கு வரிவிலக்கு இல்லை, ஆனால் அரசியல் பேசலாம், கொடுத்தவர் பெயரைச் சொல்லத் தேவையில்லை. அவற்றில் ஒன்றான ஜுடிஷியல் கிரைசிஸ் நெட்வொர்க், கார்லண்டைத் தடுக்க 70 லட்சம் டாலர், டிரம்ப் நிறுத்திய நீல் கோர்சச்சை உள்ளே கொண்டுவர ஒரு கோடி டாலர் என்று தானே அறிவித்து விளம்பரம் செய்தது. லியோவோடு தொடர்புடைய இப்படிப்பட்ட அமைப்புகள் 2014 முதல் 2017 வரை 25 கோடி டாலருக்கு மேல் திரட்டியதாக 2019ல் வாஷிங்டன் போஸ்ட் கணக்குப் போட்டுக் காட்டியது. கூட்டம் நடத்துவது சொசைட்டி, விளம்பரம் கொடுப்பது வேறொரு பெயர்ப் பலகை. சொசைட்டி கை சுத்தம்.

இதில் உச்சம் பாரே சைட் என்ற சிகாகோ முதலாளியின் நன்கொடை. அவருடைய டிரிப் லைட் நிறுவனம் தயாரித்தது, நம் வீட்டுக் கம்ப்யூட்டர் மேஜைக்கு அடியில் தூசி படிந்து கிடக்குமே, அந்த ஸ்பைக் பஸ்டர் போன்ற சாமான்கள். தொண்ணூறை நெருங்கும் வயதில் நிறுவனத்தை விற்க நினைத்தார். விற்றுவிட்டுப் பணத்தைக் கொடுத்திருந்தால், லாபத்துக்கு வரி கட்ட வேண்டும். அதனால் விற்கும் முன்பே பங்குகள் முழுவதையும் லியோ தலைமையில் புதிதாக முளைத்த மார்பிள் ஃப்ரீடம் டிரஸ்ட்டுக்கு எழுதிக் கொடுத்தார். 2021ல் அந்த டிரஸ்ட் நிறுவனத்தை ஈட்டன் கம்பெனிக்கு 165 கோடி டாலருக்கு விற்றது. மிச்சமான வரி 40 கோடி டாலர்வரை இருக்கலாம் என்று நிபுணர்கள் மதிப்பிட்டார்கள். சட்டத்தில் இதற்கு இடம் உண்டு. டிரஸ்டின் படிவத்தில் இருந்தது பெயரில்லாத ஒரே ஒரு நன்கொடையாளரும் 160 கோடி டாலரும்தான். கொடுத்தவர் யாரென்று 2022 ஆகஸ்டில் பத்திரிகைகள் கண்டுபிடித்துச் சொல்லும்வரை வெளியே தெரியாது. அதற்கு முன்பே, 2020ல், லியோ சொசைட்டியின் அன்றாட வேலையிலிருந்து விலகி இயக்குநர் குழுவின் இணைத் தலைவராகிவிட்டார்.

பெயர் மறைப்பது வலதுசாரிகளின் தனிச் சொத்து அல்ல. டெமாக்ரட் பக்கத்தின் சிக்ஸ்டீன் தர்ட்டி ஃபண்ட் 2020ல் மட்டும் 40 கோடி டாலருக்கு மேல் செலவழித்தது. அதிலும் கொடுத்தவர் பெயர் தெரியாது. 2001ல் இடதுசாரிகள் தொடங்கிய அமெரிக்கன் கான்ஸ்டிட்யூஷன் சொசைட்டி, ஃபெடரலிஸ்ட் சொசைட்டியைப் பார்த்துப் போட்ட சூடு என்றே சொல்லலாம்.

ஆனாலும் 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றத்திலிருந்து வந்த ஒரு தீர்ப்பு என் மனதை உறுத்துகிறது. கலிஃபோர்னியாவில் நிதி திரட்டும் தர்ம ஸ்தாபனங்கள் பெரிய நன்கொடையாளர்களின் பெயரை மாநில அரசிடம் ரகசியமாகத் தர வேண்டும் என்றிருந்த விதியை எதிர்த்து, கோக் சகோதரர்கள் வளர்த்த அமெரிக்கன்ஸ் ஃபார் ப்ராஸ்பெரிட்டி அறக்கட்டளை வழக்குப் போட்டது. அதன் சகோதர அமைப்பு நீதிபதி ஏமி கோனி பேரட்டின் நியமனத்துக்காகப் பிரசாரம் செய்திருந்தது. விலகிக்கொள்ளச் சொன்ன கோரிக்கையை ஏற்காமல் அவர் வழக்கை விசாரித்தார். ஆறுக்கு மூன்றில் விதி ரத்தானது. தீர்ப்பை எழுதியவர் ராபர்ட்ஸ். அடிப்படையாக நின்றது 1958ன் ஒரு முன்தீர்ப்பு: கறுப்பின மக்களின் உரிமைச் சங்கமான என்ஏஏசிபி தன் உறுப்பினர் பட்டியலை அலபாமா அரசுக்குத் தர வேண்டியதில்லை என்றது அது. கலிஃபோர்னியா அதிகாரிகள் ரகசியப் படிவங்களை நூற்றுக்கணக்கில் கவனக்குறைவாக இணையத்தில் விட்டிருந்தது உண்மை. அதை மாநிலத்தின் குற்றமாகவே எழுதலாம். ஆனால் பட்டியலில் பெயர் வந்தால் வேலை போகும், வீட்டில் குண்டு விழும் என்றிருந்த அலபாமாவின் கறுப்பினத் தொழிலாளியையும், பங்குச் சான்றிதழை டிரஸ்டுக்கு மாற்றும் கோடீஸ்வரரையும் ஒரே குடைக்குள் நிறுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை.

உள்ளே எல்லோரும் ஒரே குரலில் பேசுவதாகவும் நினைக்க வேண்டாம். 2020ல் ஓரினச் சேர்க்கையாளரையும் திருநரையும் வேலையிலிருந்து நீக்குவது சட்டவிரோதம் என்று எழுதியவர் கோர்சச். மதப் பழமைவாதிகள் அதைத் துரோகம் என்றார்கள். அதே ஆண்டு தேர்தலை டிரம்ப் தள்ளிவைக்கலாமா என்று கேட்டபோது, பதவி நீக்கத்துக்கே இது போதும் என்று கட்டுரை எழுதியவர் சொசைட்டியை நிறுவிய கலபிரேசி. தேர்தல் முடிவைப் புரட்டச் சட்டக் காரணம் தேடித் தந்த ஜான் ஈஸ்ட்மனோ சொசைட்டியின் ஒரு துறைக் குழுவுக்குத் தலைவராக இருந்தவர். டிரம்பின் வழக்கைத் தூக்கியெறிந்த நீதிபதிகளில், இந்த வட்டாரத்திலிருந்து அவரே நியமித்த ஸ்டெஃபனோஸ் பிபாஸும் ஒருவர்.

இரண்டாம் முறை வந்த டிரம்ப் அதை மறக்கவில்லை. 2025 மே 28 அன்று வர்த்தக நீதிமன்றம் அவருடைய இறக்குமதி வரிகளுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. மறுநாளே லியோவை இழிமகன் என்ற பொருள்படத் திட்டி, சொசைட்டியின் பேச்சைக் கேட்டு ஏமாந்தேன் என்று எழுதினார். லியோவின் பதில் பணிவானது: நீதிமன்றங்களை மாற்றியமைத்ததற்கு நன்றி. அதற்கு முன்பே, ஏப்ரலில், சீனா மீதான வரிகளை எதிர்த்து ஃப்ளோரிடாவில் வழக்குப் போட்டிருந்தது லியோவின் வட்டாரத்திலிருந்தும் கோக் தரப்பிலிருந்தும் நிதி பெற்ற ஓர் அமைப்பு. டிரம்ப் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு நிறுத்திய ஆட்களில் ஒருவர் எமில் போவ், அவருடைய சொந்த வழக்குகளில் வாதாடிய வழக்கறிஞர். சொசைட்டி வட்டாரத்துப் பழைய ஆட்கள் சிலரே எதிர்த்தும் ஜூலையில் 50க்கு 49 என்று செனட் அவரை ஏற்றது. நாற்பது ஆண்டுகளாக 'இவர் நம்ம ஆள்தானா' என்று கேட்டுச் சான்று கொடுத்தவர்களிடம், இப்போது அதிபர் 'என் ஆள்தானா' என்று கேட்கிறார்.

தாமஸ் பிறந்தது 1948ல், அலிட்டோ 1950ல். இவர்களில் ஒருவர் ஓய்வு பெற்றால் பட்டியலோடு வெள்ளை மாளிகைக்குள் போகப்போவது யார் என்பதுதான் வாஷிங்டன் வழக்கறிஞர்களின் இப்போதைய பந்தயம். மார்பிள் டிரஸ்டின் பணம் லியோவின் கையில் இருக்கிறது. அதைச் செலவழிக்க அதிபரின் அனுமதி அவருக்குத் தேவையில்லை.