டிடிம் சாலை: பாடலில் எஞ்சியிருக்கும் ஒரு வழித்தடம்

சிறு நகரம் ஒன்றின் இசைக்குழு தனது முதல் இசைத்தொகுப்பை வெளியிட ஆயத்தமாகும்போது, அதற்குச் சூட்டும் பெயரே அதன் முதல் அறிவிப்பாக அமைந்துவிடுகிறது. காதலின் பெயரையோ கனவின் பெயரையோ சூட்டுவது வழக்கம். மணிப்பூர் தலைநகர் இம்பாலைச் சேர்ந்த 'இம்பால் டாக்கீஸ்' குழுவோ, 2009-இல் வெளியான தனது முதல் தொகுப்புக்கு ஒரு நெடுஞ்சாலையின் பெயரைச் சூட்டியது: 'டிடிம் சாலை'.

பதினான்கு ஆண்டுகள் கழித்து, 2023 மே 3 அன்று, அதே சாலையில்தான் மணிப்பூர் இரண்டாகப் பிளந்தது.

இக்குழுவை 2008-இல் தொடங்கியவர் ரோனித் சிங்கங்பாம். நண்பர்களுக்கும் ரசிகர்களுக்கும் 'அக்கு'. தில்லியின் ஜாமியா மில்லியா இஸ்லாமியா பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்டவர். மணிப்புரி மொழியிலும் ஆங்கிலத்திலும் பாடல்களை எழுதி, கிதாரை மீட்டியபடி தாமே பாடுபவர். மணிப்பூரின் தொன்மையான ஒற்றை நரம்பு இசைக்கருவியான 'பேனா'வும் இக்குழுவின் இசையில் ஒலிக்கிறது.

'டாக்கீஸ்' என்னும் சொல் தமிழருக்கு அன்னியமானதன்று. ஆயின், இம்பால் திரையரங்குகளின் கதை வேறு. 2000 செப்டம்பரில் புரட்சிகர மக்கள் முன்னணி என்னும் ஆயுதக்குழு இந்தித் திரைப்படங்களுக்குத் தடை விதித்தது. திரையிடப் படங்களின்றி அரங்குகள் பல மூடப்பட்டன. அதே தடைதான் குறைந்த செலவில் டிஜிட்டல் முறையில் மணிப்புரிப் படங்கள் பெருகவும் வழிவகுத்தது. இப்படி, அரசின் துப்பாக்கிக்கும் அரசை எதிர்ப்போரின் துப்பாக்கிக்கும் இடையே சிக்கிய ஒரு நகரத்திலிருந்துதான் இக்குழு புறப்பட்டது.

சட்டமும் பாடலும்

1958-ஆம் ஆண்டின் ஆயுதப்படைகள் (சிறப்பு அதிகாரங்கள்) சட்டம் 1980-இல் மணிப்பூர் முழுமைக்கும் விரிவாக்கப்பட்டது. பிடியாணையின்றிக் கைது செய்யவும், எச்சரித்தபின் உயிர்போகும் அளவுக்குச் சுடவும் அச்சட்டம் படையினருக்கு அதிகாரம் அளிக்கிறது. மத்திய அரசின் முன் அனுமதியின்றி அவர்கள்மீது வழக்குத் தொடரவும் இயலாது. 2000 நவம்பர் 2 அன்று மாலோமில் பேருந்து நிறுத்தத்தில் நின்ற 10 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்து உண்ணாநோன்பைத் தொடங்கிய ஐரோம் ஷர்மிளா, 2016 ஆகஸ்ட் 9 வரை அதனைத் தொடர்ந்தார்.

2004 ஜூலையில், அசாம் ரைபிள்ஸ் படையினரால் வீட்டிலிருந்து அழைத்துச் செல்லப்பட்ட தாங்ஜம் மனோரமா பிணமாகக் கிடந்தார். காங்லா கோட்டை வாயிலில் பன்னிரண்டு பெண்கள் ஆடை களைந்து நடத்திய போராட்டம் நாட்டையே உலுக்கியது. அதன் விளைவாக இம்பால் நகரின் ஏழு சட்டமன்றத் தொகுதிகளிலிருந்து சட்டம் விலக்கிக்கொள்ளப்பட்டது. துப்பாக்கி விலகவில்லை. முதல் தொகுப்பு வெளியான அதே 2009-இல், ஜூலை 23 அன்று, நகரின் மையமான குவைராம்பந்த் கடைவீதியில் மாநிலக் காவல்துறைக் கமாண்டோக்கள் சோங்காம் சஞ்சித் என்னும் 22 வயது இளைஞரைச் சுட்டுக் கொன்றனர். கர்ப்பிணிப் பெண் ஒருவரும் குண்டு பாய்ந்து உயிரிழந்தார். இது மோதல் என்றது காவல்துறை. 'தெஹல்கா' வெளியிட்ட புகைப்படங்கள் அதனைப் பொய்யாக்கின. மாணவர் போராட்டத்தால் ஏறத்தாழ நான்கு மாதங்கள் வகுப்புகள் நடைபெறவில்லை. சுட்ட காவலரே 2016-இல் அதனை ஒப்புக்கொண்டார்.

இத்தகைய ஊரில் பாடலாசிரியன் எதை எழுதுவான்? போலி மோதல்களையும், ஊரடங்கையும், பெருநகரங்களில் வடகிழக்கு இளைஞர்கள் எதிர்கொள்ளும் இனவெறியையும் இக்குழு பாடியது. மணிப்பூரில் 1979 முதல் 2012 வரை நிகழ்ந்ததாகக் கூறப்படும் 1,528 சட்டவிரோதக் கொலைகள் பற்றிய மனு 2012-இல்தான் உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. அந்த மாநிலத்தின் துயரத்துக்குப் பாடல் அதற்கு முன்னரே சாட்சி சொல்லியிருந்தது.

யாருக்குச் சொந்தம் பாடல்?

இந்தியாவில் திரைப்படத்துக்கு வெளியே ஓர் இசைத்தொகுப்பைக் கொண்டுவருவது எளிதன்று. ஒலிப்பதிவுக்கூட வாடகையிலிருந்து குறுந்தகட்டு அச்சாக்கம் வரை யாவும் பணம் கேட்பவை. வானொலியும் தொலைக்காட்சியும் திரைப்பாடல்களையே நாடின. இன்று பலரும் பாட்டுக் கேட்கும் ஸ்பாட்டிஃபை சேவை இந்தியாவுக்கு வந்ததே 2019-இல்தான். பாடலாசிரியர்கள் ஒருமுறை கைநீட்டிப் பெறும் தொகையுடன் உரிமை முழுவதையும் நிறுவனங்களுக்கு எழுதிக் கொடுப்பதே நெடுங்கால வழக்கம். உரிமத்தொகையில் அவர்களுக்குரிய பங்கை எவரும் எழுதி வாங்கிக்கொள்ள இயலாது என்பதை 2012-ஆம் ஆண்டின் பதிப்புரிமைத் திருத்தச் சட்டம்தான் உறுதி செய்தது. ஆகவே, 2009-இல் ஒரு சிறு குழு தன் சொற்களைத் தானே பாடி வெளியிட்டதும் ஓர் உரிமைக்குரலே.

ஒரு சாலையின் வரலாறு

டிடிம் சாலை இம்பாலிலிருந்து தெற்கே பிஷ்ணுபூர், மொய்ராங், சூராசந்த்பூர் வழியாகப் பர்மாவின் சின் மலைகளில் உள்ள டிடிம் நகரை நோக்கிச் செல்கிறது. 1944-இல் ஜப்பானியப் படைகளும் பிரிட்டிஷ் இந்தியப் படைகளும் குருதி சிந்திய பாதை அது. அவ்வழியில் உள்ள மொய்ராங்கில்தான் 1944 ஏப்ரல் 14 அன்று இந்திய தேசிய ராணுவம் மூவண்ணக் கொடியை ஏற்றியது. மலேயாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் அந்த ராணுவத்தில் சேர்ந்த தமிழர்கள் பலர் என்பதால், அச்சாலை நமக்கும் முற்றிலும் தொலைவானதன்று.

சமவெளி மெய்தேய் மக்களையும் மலைவாழ் குக்கி-சோ மக்களையும் இணைத்தது அந்தச் சாலை. 2023 மே 3 அன்று, பிஷ்ணுபூர், சூராசந்த்பூர் மாவட்டங்களின் எல்லையிலுள்ள தோர்பங்கில் வன்முறை வெடித்தது. 250-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சுமார் 60,000 பேர் வீடிழந்தனர். இரு தரப்புக்கும் இடையே பாதுகாப்புப் படையினர் காவல் காக்கும் இடைநிலப் பகுதி உருவானது. அதைக் கடந்து மெய்தேய் ஒருவர் சூராசந்த்பூருக்கும், குக்கி ஒருவர் இம்பாலுக்கும் செல்ல இயலாமற்போயிற்று. 2025 மார்ச் 8 முதல் எல்லாச் சாலைகளிலும் தடையற்ற போக்குவரத்து என்று மத்திய அரசு அறிவித்தது. அந்த முதல் நாளிலேயே காங்போக்பியில் மோதல் மூண்டு ஒருவர் உயிரிழந்தார்.

மெய்தேய் சமூகத்தவரான அக்கு, பிளவுக்கு முன்னரே அதன் அபாயத்தை உணர்ந்திருந்தார் எனலாம். வெவ்வேறு சமூகக் குழந்தைகளுக்கு ஒருவர் மொழியின் பாடலை மற்றவர் பாடக் கற்பிக்கும் முயற்சியை அவர் மேற்கொண்டார். அம்முயற்சிக்கு அவர் இட்ட பெயர் 'அமைதி என்னும் தாய்மொழி' எனப் பொருள்படும். அவரையே 2023 டிசம்பர் இறுதியில் இம்பாலில் உள்ள வீட்டிலிருந்து ஆயுதம் ஏந்தியோர் துப்பாக்கி முனையில் கடத்திச் சென்றனர். பின்னர் விடுவிக்கப்பட்டார். அரசுப் படைகளின் அத்துமீறலைப் பாடியவருக்கு, சொந்த ஊரின் துப்பாக்கியும் பகையாயிற்று.

பாடல் போரை நிறுத்துவதில்லை. பதினாறு ஆண்டு உண்ணாநோன்பாலும் நீங்காத சட்டத்தை ஓர் இசைத்தொகுப்பு நீக்கிவிடாது. ஆயினும், காவல்துறைக் குறிப்பிலும் விசாரணை அறிக்கையிலும் இடம்பெறாத ஒன்றை அது காத்து வைத்திருக்கிறது. இம்பாலில் ஏறி சூராசந்த்பூரில் இறங்க ஒரு பேருந்துச் சீட்டு போதுமானதாக இருந்த காலம் அது. சமாதானம் பேச அமர்வோர் எந்தச் சாலையைத் திறக்க வேண்டும் என்பதை, 2009-இல் வெளியான அந்தத் தொகுப்பின் பெயரே இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது.