ஏராவில் ஓர் விரிசல்

(மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் - இயற்பியல்)

சந்தைக்கு மாடு வாங்கச் செல்பவர் கொம்பிலே பூசிய வண்ணத்தைக் கண்டு விலை பேசுவதில்லை. வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். நடக்கவிட்டுக் காலைப் பார்ப்பார். பழைய வீடு வாங்குபவரும் அப்படியே. சுவரில் ஓடும் வெடிப்பு, பூச்சோடு நிற்கிறதா, அடிமானம் வரை இறங்குகிறதா என்று ஆராய்வார். மேலைநாடுகளில் ஒருவர் ஓட்டிய பாய்ப்படகை மற்றொருவர் விலைக்கு வாங்கும்போது எழும் தலையாய வினாவும் இதுவே. படகின் அடியில் காணும் விரிசல் தோலில் உள்ளதா, எலும்பில் உள்ளதா? இதற்கு விடை காணும் வழியையும், அதில் அடங்கியுள்ள எளிய இயற்பியலையும் இக்கட்டுரையில் காண்போம்.

ஏரா என்பது யாது?

மரக்கலத்தின் அடியில் முதுகெலும்புபோல் நீண்டு கிடக்கும் பகுதியை ஏரா என்பர். நம் கடற்கரைக் கட்டுமரத்திற்கு ஏரா இல்லை. கட்டைகளைப் பிணைத்த அகலமே அதற்கு நிலைப்பைத் தருகிறது. ஆனால் ஒற்றை உடலும் உயர்ந்த பாய்மரமும் கொண்ட இக்காலப் பாய்ப்படகை, பக்கவாட்டில் வீசும் காற்று ஓயாது சாய்க்க முயலும். ஆகவே அதன் அடியில் மீன் துடுப்பைப்போல ஈயத்தாலோ வார்ப்பிரும்பாலோ ஆன கனத்த ஏரா ஒன்று தொங்குகிறது. படகு பக்கவாட்டில் நழுவாமல் தடுப்பது அதன் முதல் வேலை. சாய்ந்த படகை நிமிர்த்துவது இரண்டாவது வேலை. நம் தஞ்சாவூர்ப் பொம்மை எப்படித் தள்ளினாலும் எழுந்து நிற்பது அடிக்கனத்தால் அல்லவா? அதே தத்துவம்தான் இங்கும்.

கண்ணாடி இழையால் ஆன படகுகள் பலவற்றில் ஏரா தனியே வார்க்கப்பட்டு, படகின் அடித்தளத்தில் போல்ட்டுகளால் முடுக்கப்படுகிறது. இடையிலுள்ள மூட்டில் நீர் புகாத பசை இடுகிறார்கள். உள்ளே, நட்டுகளைச் சுற்றிக் கட்டங்கட்டமான குறுக்குச் சட்டங்கள் பளுவைத் தாங்கிப் பரப்புகின்றன.

ஒரு சிறு கணக்கு

ஏராவின் எடை 1500 கிலோ என்றும், அதன் ஈர்ப்பு மையம் மூட்டுக்கு 80 சென்டிமீட்டர் கீழே உள்ளது என்றும் கொள்வோம். படகு முற்றிலும் பக்கவாட்டில் படுத்துவிட்டால் மூட்டில் விழும் திருப்புத்திறன் 1500 × 0.8 = 1200 கிலோ-மீட்டர். போல்ட்டுகளின் இரு வரிசைகளுக்கும் இடைவெளி 24 சென்டிமீட்டர் எனில், மேல் வரிசையை இழுக்கும் விசை ஏறக்குறைய 5000 கிலோ எடைக்குச் சமம். ஒன்றரை டன் எடை ஐந்து டன்னாக இழுக்கிறது! அலைதோறும் இவ்விழுவிசை ஏறியும் இறங்கியும் வரும். கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் முறிவது போல, உலோகமும் இழையும் நாளடைவில் களைத்துப் போகின்றன. ஆதலால் மூட்டின் அருகே காணும் கீறல் எதையும் அலட்சியப்படுத்தலாகாது. எதையும் கண்டு அஞ்சி ஓடவும் வேண்டியதில்லை. அது எவ்வகை என்று பிரித்தறிய வேண்டும்.

விரிசல் வகைகள்

முதலாவது, சிலந்தி வலைபோல் மெல்லிய கீறல்கள். கண்ணாடி இழையின் மேல் ஜெல்கோட் என்னும் பளபளப்பான பூச்சு உண்டு. அதன் கனம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவே. கீறல் இப்பூச்சோடு நின்றால் அது தோலில் உள்ள கீறல்தான். ஆனால் ஒரு புள்ளியிலிருந்து நாற்புறமும் கீறல்கள் கிளம்பினால், அங்கே அடி விழுந்திருக்கிறது என்று பொருள். உள்ளேயும் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, ஏராவும் உடலும் சேரும் மூட்டின் வழியே ஓடும் கோடு. உலோகமும் கண்ணாடி இழையும் வெப்பத்தில் ஒரே அளவாக விரிவதில்லை. பளுவில் ஒரே அளவாக வளைவதுமில்லை. எனவே மூட்டின் மேல் இட்ட பட்டி மயிரிழைபோல் வெடிப்பது இயல்பு. அது உலர்ந்து, மாறாமல் இருந்தால் சுரண்டிப் புதுப் பட்டி இடலாம். மூட்டின் முன்முனை வாய் பிளந்தாற்போலத் திறந்திருந்தால் செய்தி வேறு. படகோட்டிகள் இதனைப் 'புன்னகை' என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. கத்திமுனை உள்ளே நுழைந்தாலும், கரையேற்றிச் சில நாட்களான பின்னும் செந்நிற நீர் கசிந்தாலும் அது சிரிப்பதற்குரிய புன்னகையன்று.

மூன்றாவது, மூட்டை விட்டு விலகிப் படகின் உடலிலேயே ஓடும் விரிசல். மூன்றிலும் கொடியது இதுவே. ஓடும் படகின் ஏரா பாறையில் மோதினால் அடிமுனை சட்டென்று நிற்கிறது. மேலுள்ள படகோ முன்னே பாய்கிறது. அப்போது ஏரா நெம்புகோலாகி, முன்முனையைக் கீழே இழுத்துப் பின்முனையை மேலே குத்துகிறது. ஆகவே ஏராவின் பின்முனைக்கு மேலே, படகின் உட்புறத்தில், குறுக்குச் சட்டங்கள் வெடித்துள்ளனவா, அடித்தளத்தை விட்டுப் பிரிந்துள்ளனவா என்று தவறாமல் பார்க்க வேண்டும். அவ்விடத்தில் மட்டும் புது வண்ணம் பளிச்சிட்டால் ஐயம் இன்னும் வலுக்க வேண்டும்.

எவர்சில்வரும் துருப்பிடிக்கும்

போல்ட்டுகள் பெரும்பாலும் நாம் எவர்சில்வர் என வழங்கும் துருவேறா எஃகால் ஆனவை. அதிலுள்ள குரோமியம், ஆக்சிஜனுடன் சேர்ந்து உண்டாக்கும் மெல்லிய படலமே அதன் கவசம். மூட்டின் இடுக்கில் தேங்கிய உப்பு நீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோனால் அக்கவசம் புதுப்பிக்கப்படுவதில்லை. மேலே நட்டு பளபளவென்றிருக்க, கண்ணுக்குத் தெரியாத நடுப்பகுதியில் போல்ட்டு அரித்து இடை சிறுத்துவிடும். உள்ளே நட்டைச் சுற்றித் துருக்கறை, அமிழ்ந்த வாஷர், அதைச் சுற்றிக் கீறல் ஆகியவை இதன் அறிகுறிகள்.

சோதிக்கும் முறை

படகைக் கரையேற்றாமல் விலை பேசுவது கூடாது. பாரந்தூக்கியின் பட்டைகளில் படகு தொங்கும்போது ஏராவின் எடை முழுவதும் போல்ட்டுகளில் விழுகிறது; தரையில் இறக்கியதும் படகின் எடை ஏராவின்மீது அமர்கிறது. இவ்விரு நிலைகளிலும் மூட்டின் இடைவெளி மாறுகிறதா என்று கவனிக்க வேண்டும். தொங்கும் ஏராவின் அடிமுனையைப் பக்கவாட்டில் தள்ளினால் மூட்டு அசையக் கூடாது. சிறு சுத்தியலால் தட்டினால் நல்ல இடம் கணீரென்றும், இழை பிரிந்த இடம் மொத்தென்றும் ஒலிக்கும்; பானை வாங்கும் நம் தாய்மார்கள் அறிந்த சோதனைதான் இது. பின்னும் ஐயம் இருப்பின் போல்ட்டு ஒன்றைக் கழற்றிப் பார்ப்பதும், ஏராவையே இறக்கிப் பார்ப்பதும் உண்டு. செலவு மிகுதிதான்; அச்செலவை விலையில் கழித்துக் கேட்பது வாங்குபவர் உரிமை. எல்லாவற்றுக்கும் மேலாக, "இப்படகு எப்போதாவது தரைதட்டியதா? பழுது பார்த்தது யார்? ரசீது எங்கே?" என்று வினவ வேண்டும்.

நால்வரின் கதை

இவ்வளவு எச்சரிக்கை தேவைதானா என்று கேட்கலாம். 2014 மே மாதம் 'சீக்கி ரஃபிக்கி' என்னும் பிரிட்டானியப் பாய்ப்படகு, ஆன்டிகுவா தீவிலிருந்து சவுத்தாம்ப்டன் நோக்கி நால்வருடன் அட்லாண்டிக்கைக் கடந்துகொண்டிருந்தது. கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்கு 700 மைலுக்கும் அப்பால், படகில் நீர் ஏறுகிறது என்ற செய்தி கரைக்கு வந்தது. பின்னர்க் கவிழ்ந்த உடல்தான் கண்டெடுக்கப்பட்டது. ஏராவைக் காணவில்லை. உயிர்காப்புத் தெப்பம் வைத்த இடத்திலேயே இருந்தது. நால்வரும் திரும்பவில்லை. முன்பு பலமுறை தரைதட்டியதும், பின்பு செய்த பழுதுபார்ப்புகளும் சேர்ந்து ஏராவைத் தாங்கிய அமைப்பை வலுவிழக்கச் செய்திருக்கலாம் என்று பிரிட்டனின் கடல் விபத்துப் புலனாய்வுத் துறை 2015-இல் அறிக்கை அளித்தது. இலேசாகத் தரைதட்டினாலும், கண்ணுக்குப் புலப்படாத பெருஞ்சேதம் உண்டாகக்கூடும் என்பதும் அவ்வறிக்கையின் எச்சரிக்கை.

முடிவுரை

விரிசல் உள்ள படகெல்லாம் தீய படகல்ல. விரிசல் இல்லாத படகெல்லாம் நல்ல படகுமல்ல. இடம், திசை, ஈரம், உட்புறம் ஆகிய நான்கையும் பார்த்தே தீர்ப்புச் சொல்ல வேண்டும். திறந்து கிடக்கும் கீறலாவது நம்மிடம் உண்மையைச் சொல்கிறது. அஞ்சத்தக்கது, வண்ணம் பூசி மறைத்த கீறலே. கரையில் ஒருநாள் பொறுமையாகக் குனிந்து பார்ப்பவர், நடுக்கடலில் கலங்க வேண்டியதில்லை.