துருப்பிடிக்கத் தெரிந்த இரும்பு

அம்பத்தூர் தொழிற்பேட்டையின் லேத் பட்டறைகளில் தரையைப் பார்த்தாலே என்ன கடைகிறார்கள் என்று சொல்லிவிடலாம். ஸ்டீல் என்றால் சீவல் நீளநீளச் சுருளாக வரும். வார்ப்பிரும்பு என்றால் பொடிப்பொடியாக உதிரும். காயலான் கடைக்காரர்கள் சி.ஐ. போரிங் என்று எடைபோட்டு வாங்கும் அந்தப் பொடிக்கு, நிலத்தடி நீரின் நச்சை முறிக்கும் திறன் உண்டு.

பூந்தமல்லி வழியாக பெங்களூரு சாலையில் சுமார் 100 கி.மீ. போனால் ராணிப்பேட்டை. 1990களின் நடுவில் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை அங்கே ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேல் கழிவை விட்டுப்போனது. அதிலிருந்து ஆறு இணைதிறன் குரோமியம் நிலத்தடி நீரில் இறங்கியது. நீரை மஞ்சளாக்கும் நச்சு அது. குடிநீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் குரோமியம் இருக்கக் கூடாது.

இரும்பு துருப்பிடிக்கும்போது எலக்ட்ரான்களை இழக்கிறது. அவற்றில் மூன்றைப் பெறும் குரோமியம், மூன்று இணைதிறன் நிலைக்கு இறங்கித் துருவோடு படிந்துவிடுகிறது. துருப்பிடிக்காத எவர்சில்வர் தூள் அதனால்தான் இந்த வேலைக்கு ஆகாது.

அமெரிக்காவின் எலிசபெத் சிட்டியில் குரோமிய முலாம் பட்டறை ஒன்றின் கசிவைத் தடுக்க, 1996இல் நிலத்தடி நீரோட்டத்துக்குக் குறுக்கே 46 மீட்டர் நீளம், 7.3 மீட்டர் ஆழம், 0.6 மீட்டர் அகலத்தில் இரும்புத் துகளை இறக்கினார்கள். பம்பும் இல்லை, மின்சாரமும் இல்லை. 15 ஆண்டு கழித்துப் பார்த்தபோதும் அது குரோமியத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

எந்த இரும்பு நல்லது? சுருள் சீவலைக் கொட்டினால் இடைவெளிகள் வழியே நீர் நச்சோடு நழுவிவிடும். மாவாக அரைத்தால் வேகமாக வினைபுரியும், ஆனால் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். கால் மில்லிமீட்டரிலிருந்து 2 மில்லிமீட்டர் வரையுள்ள துகளே தோது. அடுத்தது எண்ணெய். ஸ்டீல் சீவலில் கூலண்ட் பிசுக்கு ஒட்டியிருக்கும். அது நீரை இரும்பிடம் நெருங்க விடாது. வார்ப்பிரும்பைப் பெரும்பாலும் உலர்வாகவே கடைவதால் பிசுக்கு குறைவு. அதிலுள்ள கிராஃபைட்டும் அரிப்பைத் தூண்டுகிறது. ஆனாலும் சூளையில் சுட்டு, சலித்து, அந்த ஊர் நீரிலேயே சோதித்த பிறகுதான் மண்ணுக்குள் இறக்க வேண்டும். கடின நீரின் சுண்ணாம்பு துகள்மேல் படிந்து வழியை அடைக்கும்; ஆய்வகத்தின் காய்ச்சி வடித்த நீர் இதைக் காட்டாது.

ஒன்றை மறக்கக் கூடாது: இரும்பு குரோமியத்தை வெளியேற்றுவதில்லை, மண்ணுக்குள்ளேயே கட்டிப்போடுகிறது. மேலே கழிவு மேடு ஒவ்வொரு மழைக்கும் கரைந்துகொண்டிருந்தால் எந்த இரும்பும் ஒருநாள் தீர்ந்துபோகும். மேட்டுக்கு வழிசெய்த பிறகே இரும்புக்கு விலை பேச வேண்டும்.