வாசலில் நிற்பவர் யார்?

மாலை மழை பிடித்துவிட்டது. லயத்தின் கடைசி இஸ்தோப்பில் ஒரு பெண் ஒதுங்கி நிற்கிறாள். கையில் ஒரு பை, இடுப்பில் ஒரு பிள்ளை. யாரென்று தெரியாது. கதவைத் திறக்கும் நாம் முதலில் என்ன செய்கிறோம்?

பெரும்பாலும் கேள்விதான் கேட்கிறோம். எந்த ஊர்? யார் வீட்டுக்கு வந்தாய்? புருஷன் எங்கே? தேநீர் அதற்குப் பிறகே வருகிறது. சில வேளை வராமலே போகிறது.

சகோதரிகளே, இந்தக் கேள்விகள் எப்படிக் குத்தும் என்பது நம்மில் பலருக்குத் தெரியும். அந்த இடத்தில் நாமே நின்றிருக்கிறோம்.

நாமும் அந்நியராய் இருந்தோம்

இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களின் கதையே அந்நியராய் வந்தவர்களின் கதைதான். கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து கடல் கடந்து வந்தவர்கள், மன்னார்க் கரையிலிருந்து காட்டு வழியே மலைநாட்டுக்கு நடந்தார்கள். வழியிலேயே பலர் மாண்டார்கள். பின்னர் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களின் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் நாடற்றவர்களாக்கியது. எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கு 2003ஆம் ஆண்டின் சட்டத்தினால்தான் வழி பிறந்தது.

1977, 1981, 1983ஆம் ஆண்டுகளில் வன்செயல்கள் நடந்தன. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரிப் பகுதித் தோட்ட லயங்களும் தாக்கப்பட்டன. பயந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் குடியேறிய குடும்பங்கள் பல. அங்கும் போர் அவர்களைத் துரத்தியது. 2009இல் எல்லாம் இழந்து, முகாம் வாழ்க்கையும் கண்டு, மீண்டும் தோட்டத்து உறவினரைத் தேடி வந்தவர்களும் உண்டு. பிறந்த லயத்திலேயே அவர்கள் முதலில் விருந்தாளி, பிறகு பாரம்.

அந்நியரை நேசிக்கும்படி இஸ்ரயேல் மக்களுக்குக் கடவுள் கட்டளையிட்டபோது அதற்கு ஒரு காரணமும் சொன்னார். எகிப்தில் அவர்களும் அந்நியராய் வாழ்ந்ததை நினைவுபடுத்தினார். பட்டவருக்குத்தான் அந்த வலி தெரியும் என்பதே அதன் பொருள்.

ஒரு பிடி மா

"எங்களிடம் என்ன இருக்கிறது கொடுக்க?" என்று கேட்கத் தோன்றும். சாரிபாத்து ஊர்க் கைம்பெண்ணை எண்ணிப் பாருங்கள். பஞ்ச காலம். பானையில் ஒரு பிடி மா, கலயத்தில் கொஞ்சம் எண்ணெய். மகனுக்கும் தனக்கும் கடைசி ரொட்டி சுட அவள் விறகு பொறுக்கிக்கொண்டிருந்தாள். அப்போது வந்து தண்ணீரும் அப்பமும் கேட்ட எலியாவும் அரசனுக்குப் பயந்து ஒளிந்து திரிந்த ஓர் அகதிதான். அவள் வேற்று நாட்டவள், வேற்று மதத்தவள். ஆனாலும் செல்வந்தர் வீடு எதற்கும் அனுப்பாமல், கடவுள் தம் ஊழியரை அவளிடமே அனுப்பினார். பானையில் மா குறையவில்லை என்கிறது விவிலியம்.

நாம் நிவாரண வரிசையில் நின்றிருக்கிறோம். பெயர்ப் பட்டியலில் இருக்கிறோமா என்று தவித்திருக்கிறோம். வாங்கி வாங்கிக் கை கூசிப்போன பெண்ணுக்கு, கொடுப்பதும் ஒரு மருந்து. ஒரு கோப்பை சாயத் தேநீரை இன்னொருத்தியின் கையில் கொடுக்கும்போது, "நான் வெறும் பயனாளி அல்ல, ஒரு வீட்டுக்காரி" என்ற நிமிர்வு திரும்பி வருகிறது.

அயலவரிடம் கற்போம்

வெசாக் காலத்தில் சிங்கள அயலவர் வழியோரங்களில் தன்சல் வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். யார் வந்தாலும் உணவு கிடைக்கும். பெயரையும் மதத்தையும் யாரும் கேட்பதில்லை. 1983இல் தமிழரைத் தங்கள் வீடுகளில் ஒளித்துக் காத்த சிங்களவர்களும் இருந்தார்கள். அவ்வாண்டு குருநாகல் அங்கிலிக்கன் ஆயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க, தமது சிங்கள இனத்தார் வெட்கப்பட்டு மன்னிப்புக் கேட்க வேண்டுமென்று தம் திருச்சபையினருக்கே துணிந்து சொன்னார். சில வாரங்களில் அவர் காலமானார்.

2016 மே மாத மழையில் அரநாயக்கவில் சிங்களக் கிராமங்களும், புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் லயங்களும் மண்ணுக்குள் புதைந்தன. இரண்டும் கேகாலை மாவட்டத்தில்தான். அந்த மழைக்குப் பிறகு, அவர்கள் அழுகையும் நம் அழுகையும் வேறு என்று யார் சொல்ல முடியும்?

நாளை காலையே செய்யக்கூடியவை

முதலில் தண்ணீரோ தேநீரோ கொடுங்கள், கேள்வி பிறகு. புருஷனையும் முகாமையும் பற்றி நீங்களாகக் கிளறாதீர்கள். அவளாகச் சொன்னால் காது கொடுங்கள்.

உங்களுக்குச் சிங்களம் தெரிந்தால், தெரியாதவளோடு ஆஸ்பத்திரிக்கோ பிரதேச செயலகத்துக்கோ ஒரு நாள் கூடப் போங்கள். படிவம் நிரப்பிக் கொடுப்பதும் தர்மம்தான்.

பெண்கள் தனியாக இருக்கும் வீட்டில், இரவில் வரும் முன்பின் தெரியாதவரை உள்ளே அழைக்க வேண்டியதில்லை. அயல் வீட்டாரைக் கூப்பிட்டு, இஸ்தோப்பில் இருத்தி உபசரியுங்கள். நல்ல சமாரியரும் அடிபட்டவரைத் தம் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. சத்திரத்தில் சேர்த்து, செலவுக்கு இரண்டு வெள்ளிக் காசு கொடுத்தார். உதவிக்கு இன்னொருவரைச் சேர்த்துக்கொள்வதில் குறைவில்லை.

கொடுத்ததை வைத்து யாரையும் நம் கோயிலுக்கு இழுக்காதீர்கள். குழாயடியில் சொல்லிக் காட்டவும் வேண்டாம். அப்படிச் செய்தால் அன்பு கடனாகிவிடும்.

இறுதித் தீர்ப்பைப் பற்றி இயேசு சொன்ன உவமையில், அந்நியரை ஏற்றுக்கொண்டவர்கள் அது அவரென்று அறியாமலே ஏற்றுக்கொண்டார்கள். நமக்கும் அது தெரியத் தேவையில்லை. மழை இன்னும் விடவில்லை. இஸ்தோப்பில் ஒரு பிள்ளை நனைந்துகொண்டிருக்கிறது. அடுப்பு நம் வீட்டில் எரிகிறது. அது போதும்.