ரோம் என்று போட்டிருக்கும். இறங்கினால் ரோம் இருக்காது

கடல் தாண்டும் விடுமுறை – 6

மத்தியதரைக் கடல் கப்பல் பயணத்தின் நிரலைக் கையில் எடுத்தால் ‘ரோம் (சிவிதாவெக்கியா)’, ‘ஃப்ளோரன்ஸ் (லிவோர்னோ)’, ‘வெனிஸ் (ராவென்னா)’ என்று வரிசையாக இருக்கும். அடைப்புக்குறிக்குள் இருப்பதுதான் கப்பல் நிற்கிற ஊர். வெளியே இருப்பது, பணம் கட்டுகிறவர் பார்க்க ஆசைப்படுகிற ஊர். இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தை எதில் ஏறி, எத்தனை மணிக்குள் கடந்து திரும்புவது என்பதைப் பெங்களூரிலேயே உட்கார்ந்து முடிவு செய்யாதவர்கள், துறைமுகத்து டாக்சிக்காரர் சொல்கிற விலைக்குத் தலையாட்ட வேண்டியதுதான்.

ராவென்னாவிலிருந்து வெனிஸ் சுமார் 150 கிலோமீட்டர். பெங்களூரு என்று டிக்கெட் விற்றுவிட்டு மைசூருவில் இறக்கிவிடுகிற மாதிரி. இதற்குக் காரணம் இருக்கிறது. 25,000 டன் அளவைத் தாண்டிய கப்பல்கள் சான் மார்கோ சதுக்கத்தின் முன்னால் ஜூடெக்கா கால்வாய் வழியாகப் போகக் கூடாது என்று 2021 ஆகஸ்ட் 1 முதல் இத்தாலிய அரசு தடை போட்டது. பெரிய கப்பல்கள் மார்கெரா தொழில்துறைமுகத்துக்கும், திரியெஸ்தேவுக்கும், ராவென்னாவுக்கும் நகர்ந்தன. வெனிஸ் என்ற பெயரை மட்டும் விளம்பரங்கள் விடவில்லை.

துறைமுகத்துக்கும் பார்க்க வேண்டிய ஊருக்கும் நடுவில் உள்ள இந்தத் தூரக் கணக்கு கர்நாடகத்துக்காரர்களுக்குப் புதிதல்ல. கரையில் நின்று பார்த்திருக்கிறார்கள். பணம்பூரில் உள்ள புதிய மங்களூர் துறைமுகத்துக்கு மழை ஓய்ந்த மாதங்களில் வெளிநாட்டுச் சுற்றுலாக் கப்பல்கள் வருகின்றன. காலையில் இறங்குகிறவர்கள் குத்ரோளி கோகர்ணநாதேஸ்வரர் கோயில், முந்திரித் தொழிற்சாலை, புனித அலோசியஸ் தேவாலயம், மூடபித்ரியில் 1430-ல் எழுந்த ஆயிரங்கால் சமணக் கோயில் என்று சுற்றிவிட்டு, மாலையில் கப்பல் ஏறிவிடுகிறார்கள். மூடபித்ரி மங்களூரிலிருந்து ஏறக்குறைய 35 கிலோமீட்டர். ஹம்பியையோ மைசூர் அரண்மனையையோ அந்த ஒரு பகலுக்குள் யாரும் திணிப்பதில்லை. (அலோசியஸ் தேவாலயத்தின் சுவரோவியங்களை 1899 தொடங்கி வரைந்தவர் அந்தோனியோ மொஸ்கேனி என்ற இத்தாலியர். இத்தாலியிலிருந்து வருகிற பயணி மங்களூரில் இத்தாலியரின் ஓவியத்தைப் பார்த்துவிட்டுப் போகிறார்!) இந்த நிதானம் நம் ஆட்களுக்கு ரோமில் இருப்பதில்லை. வாட்டிகன், கொலோசியம், ட்ரெவி நீரூற்று, ஷாப்பிங், நடுவில் ஓர் இந்திய உணவகம் என்று ஒரே பகலுக்குப் பட்டியல் போடுகிறார்கள்.

கரைக்கு வருவதற்கு முன் வானத்தைக் கடக்க வேண்டும். பெங்களூரு கெம்பேகவுடா விமான நிலையத்திலிருந்து லண்டன், பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், ஃப்ராங்க்ஃபர்ட், மியூனிக் ஆகிய நகரங்களுக்கு நேரடி விமானங்கள் தொடங்கி நன்றாக ஓடியிருக்கின்றன. சிக்கல் என்னவென்றால், இவற்றில் ஓர் ஊரில்கூட மத்தியதரைக் கடல் கிடையாது. பார்சிலோனாவோ ரோமோ ஏதென்ஸோ, எங்கே கப்பல் ஏறினாலும் வழியில் ஓரிடத்தில் மாறித்தான் ஆக வேண்டும். துபாய், தோஹா, அபுதாபி வழியாகப் போகிறவர்களே அதிகம்.

அந்த மாறுமிடம்தான் ஆபத்து. 2024 ஏப்ரல் 16 அன்று துபாயில் கொட்டிய மழையில் விமான நிலையத்தின் ஓடுபாதையே நீரில் நின்றது. விமானங்கள் ரத்தாகி, திருப்பிவிடப்பட்டு, நிலைமை சீராகச் சில நாட்கள் ஆயின. 2025 ஜூன் 23 அன்று கத்தாரில் உள்ள அமெரிக்க விமானத் தளத்தை ஈரான் ஏவுகணைகளால் தாக்கியபோது, தோஹாவின் வான்வெளி சில மணி நேரம் மூடப்பட்டது. அந்தச் சில மணி நேரமே ஆயிரக்கணக்கானவர்களின் அடுத்த விமானத்தைப் பறித்துவிட்டது. அதே ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில், விமானிகளின் பணிநேர விதிகள் மாறியதை ஒட்டி இண்டிகோ நிறுவனம் ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தது, பெங்களூரும் தப்பவில்லை. விமானம் தாமதமானால் விமான நிறுவனம் அடுத்ததில் ஏற்றி அனுப்பும். கப்பல் அப்படிக் காத்திருக்காது. மாலை ஐந்து மணி என்றால் ஐந்து மணிக்குக் கயிற்றை அவிழ்த்துவிடும்.

ஆகவே கப்பல் கிளம்புகிற நாளன்று காலையில் போய் இறங்குவது போலத் திட்டமிடுவது சூதாட்டம். ஒரு நாள் முன்னதாகவே போய், துறைமுக நகரத்தில் ஓர் இரவு தங்குவதுதான் முறை. அந்த இரவின் அறை வாடகையை வீண் செலவு என்று நினைக்கிறவர்கள், தவறவிட்ட கப்பலை அடுத்த துறைமுகத்தில் பிடிக்க நான்கு பேருக்குக் கடைசி நேர விமான டிக்கெட் என்ன விலை என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும்.

பெங்களூரிலிருந்து கடைசி ஊர் வரை ஒரே பி.என்.ஆர். எண்ணில் டிக்கெட் இருப்பதும் அதே அளவு முக்கியம். துபாய் வரை ஒரு டிக்கெட், அங்கிருந்து மலிவு விமானத்தில் இன்னொரு டிக்கெட் என்று துண்டாக வாங்கினால், முதல் விமானத்தின் தாமதத்துக்கு இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதியும் இங்கே கவனிக்கத்தக்கது. நீண்ட தாமதத்துக்கு ஆளுக்கு 600 யூரோ வரை இழப்பீடு தரச் சொல்லும் இந்த விதி, ஐரோப்பாவிலிருந்து புறப்படும் எல்லா விமானங்களுக்கும் பொருந்தும். ஐரோப்பாவுக்கு வருகிற விமானம் என்றால், அது ஐரோப்பிய நிறுவனத்துடையதாக இருந்தால் மட்டுமே பொருந்தும். அதாவது பெங்களூரு–ஃப்ராங்க்ஃபர்ட் லுஃப்தான்சாவுக்கு உண்டு. பெங்களூரிலிருந்து துபாய் வழியாக எமிரேட்ஸில் போனால் போகும்போது இல்லை, ரோமிலிருந்து திரும்பும்போது உண்டு. போர், புயல் போன்ற காரணங்களுக்கு எப்படியும் இழப்பீடு கிடையாது.

எங்கே கப்பல் ஏறுவது என்பதிலும் பலருக்குத் தெரியாத ஒரு வசதி இருக்கிறது. எம்.எஸ்.சி., கோஸ்டா போன்ற நிறுவனங்களின் மேற்கு மத்தியதரைக் கப்பல்கள் பார்சிலோனா, மார்செய், ஜெனோவா, சிவிதாவெக்கியா என்று வாரம் முழுக்க வட்டமடிக்கின்றன. இந்த வட்டத்தில் பல துறைமுகங்களில் பயணிகள் ஏறலாம். ஏழு நாள் கழித்து ஏறிய இடத்திலேயே இறங்கலாம். பெங்களூர்க்காரருக்குப் பார்சிலோனாவோ ரோமோதான் வசதி. வளைகுடாவில் ஒருமுறை மாறினால் போதும். அதே வழியில் போனால் ஜெனோவாவுக்கும் மார்செய்க்கும் இன்னொரு மாற்றமோ நீண்ட ரயில் பயணமோ வேண்டியிருக்கும். டிராவல் ஏஜென்ட் காட்டுகிற முதல் பக்கத்தில் ஜெனோவா இருப்பதால் ஜெனோவாவிலேயே ஏற வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

இந்த வட்டமடிக்கும் முறைக்கு ஒரு கசப்பான பழங்கதை உண்டு. 2012 ஜனவரி 13 இரவு ஜிலியோ தீவுப் பாறையில் மோதிக் கவிழ்ந்த கோஸ்டா கன்கார்டியாவில் 32 பேர் இறந்தார்கள். அன்று மாலை சிவிதாவெக்கியாவில் ஏறிய பயணிகளுக்கு அவசரகாலப் பயிற்சி அதற்குள் நடத்தப்பட்டிருக்கவில்லை. அதன் பிறகு விதி மாறியது. இப்போது புறப்படும் முன்போ, புறப்பட்ட உடனேயோ பயிற்சி முடிந்தாக வேண்டும். நீச்சல் குளத்துக்கு ஓடும் அவசரத்தில் அதைத் தவிர்க்கப் பார்க்கிறவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இனி கரைச் சுற்றுலா. கப்பல் நிறுவனம் விற்கிற பேருந்துச் சுற்றுலா விலை கூடுதல், கூட்டம் அதிகம், கொடி பிடித்த வழிகாட்டியின் பின்னால் ஓட வேண்டும். இருந்தும் அதில் ஒரு காப்பு இருக்கிறது. கப்பல் நிறுவனத்தின் பேருந்து போக்குவரத்து நெரிசலில் சிக்கினால் கப்பல் காத்திருக்கும், அல்லது பயணிகளை அடுத்த துறைமுகத்தில் கொண்டுவந்து சேர்க்கும். சொந்தமாகப் போனவருக்காகக் காத்திருக்காது. இந்தக் காப்புக்கு எங்கே காசு கொடுக்கலாம், எங்கே வேண்டாம் என்பது தூரத்தைப் பொறுத்தது.

நேப்பிள்ஸில் கப்பல் ஊரின் மடியிலேயே நிற்கிறது. மால்டாவின் வாலெட்டாவும் அப்படித்தான். கோட்டைச் சுவர் கப்பல் தளத்திலிருந்தே தெரியும். ஜெனோவாவில் பியாட்சா பிரின்சிபே ரயில் நிலையத்துக்கு நடந்தே போகலாம். ஏதென்ஸுக்கான பிரேயஸ் துறைமுகத்திலிருந்து மெட்ரோ இருக்கிறது. 2022 முதல் நீல வழித்தடம் பிரேயஸையும் விமான நிலையத்தையும் நேராக இணைக்கிறது. இந்த ஊர்களில் கப்பலின் பேருந்துக்குப் பணம் கட்டுவது, நடக்க முடியாதவர்கள் உடன் இருந்தால் ஒழிய, தேவையில்லாத செலவு. லிவோர்னோவிலிருந்து ஃப்ளோரன்ஸ் ஏறக்குறைய 90 கிலோமீட்டர், அங்கே யோசிக்கலாம். ராவென்னாவிலிருந்து வெனிஸ் போவதென்றால் யோசிக்கவே வேண்டாம், கப்பலின் பேருந்துதான்.

ரோம் நடுவில் நிற்கிறது. எடுத்துக்காட்டாக, காலை ஏழு மணிக்குக் கப்பல் சிவிதாவெக்கியாவில் நிற்கிறது, மாலை ஏழுக்குக் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். இறங்கி, துறைமுகப் பேருந்தில் லார்கோ தெல்லா பாச்சே நிறுத்தத்துக்கு வந்து, ரயில் நிலையம் சேர எட்டரை ஆகும். வட்டார ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். வாட்டிகன் போகிறவர்கள் ரோமின் மத்திய நிலையமான தெர்மினி வரை போக வேண்டாம். சான் பியெத்ரோ நிறுத்தத்தில் இறங்கினால் தேவாலயம் நடை தூரம். மணி பத்து. எல்லோரும் கப்பலில் இருக்க வேண்டிய நேரம் ஆறரை அல்லது ஆறு. நான்கு மணி ரயிலை விட்டால் வயிற்றைக் கலக்கும். ஆக, கையில் இருப்பது ஆறு மணி நேரம். அதில் வாட்டிகன் அல்லது கொலோசியம். இரண்டும் என்றால் இரண்டையும் வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டு வரலாம்.

கிழமையும் பார்க்க வேண்டும். வாட்டிகன் அருங்காட்சியகம் ஞாயிற்றுக்கிழமைகளில் மூடியிருக்கும், மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர. ஃப்ளோரன்ஸின் உஃபீட்சியும், மைக்கேலாஞ்சலோவின் தாவீது நிற்கிற அக்காதெமியாவும் திங்களன்று மூடப்படும். ஞாயிறு ரோம், திங்கள் ஃப்ளோரன்ஸ் என்று ஒரு கப்பல் போனால், அது விலை மலிவாக இருப்பதில் ஆச்சரியம் என்ன?

போய் வரிசையில் நின்று டிக்கெட் எடுக்கிற காலமும் முடிந்துவருகிறது. பாம்பேயி இடிபாடுகளுக்கு 2024 நவம்பரிலிருந்து ஒரு நாளைக்கு 20,000 பேர்தான். டிக்கெட்டில் பெயரும் இருக்க வேண்டும். ஏதென்ஸ் அக்ரோபொலிஸில் 2023 செப்டம்பரிலிருந்து அதே 20,000. நேரம் குறித்த டிக்கெட். சாந்தொரினித் தீவு கப்பல் பயணிகளை நாளொன்றுக்கு 8,000 பேர் என்று 2025 முதல் கட்டுப்படுத்துகிறது. அங்கே கப்பல் கரையை ஒட்டி நிற்கவும் முடியாது. டெண்டர் எனப்படும் சிறு படகில் பழைய துறைமுகத்துக்கு வந்து, கேபிள் காருக்கு வரிசையில் நிற்க வேண்டும்.

இவ்வளவு திட்டமிட்டும் கப்பல் அந்த ஊருக்குப் போகாமலே திரும்பலாம். நம் கடற்கரையிலேயே இது நடந்தது. 2022 ஜூன் 4 அன்று சென்னையில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் கொடியசைத்துத் தொடங்கிவைத்த கார்டிலியா நிறுவனத்தின் ‘எம்ப்ரஸ்’ கப்பலின் பயண நிரலில் விசாகப்பட்டினமும் புதுச்சேரியும் இருந்தன. சூதாட்ட வசதி கொண்ட கப்பல் என்று புதுச்சேரியில் எதிர்ப்பு கிளம்ப, அரசு அனுமதி தரவில்லை. கடலில் நின்ற கப்பல், பயணிகளை இறக்காமலே சென்னைக்குத் திரும்பியது. மத்தியதரைக் கடலில் ஜூலை, ஆகஸ்டில் வீசும் மெல்தெமி காற்று இதே வேலையைச் செய்யும். துறைமுகத்தை மாற்றவும் விடவும் கப்பல் நிறுவனங்களுக்கு ஒப்பந்தத்திலேயே உரிமை இருக்கிறது. அப்படி விட்டால், கப்பலிடம் வாங்கிய சுற்றுலாவுக்குப் பணம் திரும்பும். வெளியில் வாங்கியதற்கு அந்த நிறுவனத்தின் விதிப்படிதான். ‘கப்பல் வராவிட்டால் முழுப் பணமும் திரும்பும்’ என்று எழுதிக் கொடுக்கும் உள்ளூர் வழிகாட்டிகள் பல துறைமுகங்களில் இருக்கிறார்கள். அவர்களையே தேட வேண்டும்.

திரும்பும் நாளில் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் மூவாயிரம் நாலாயிரம் பேர் பெட்டிகளோடு இறங்குவார்கள். சிவிதாவெக்கியாவிலிருந்து ஃபியுமிசினோ விமான நிலையம் அறுபது கிலோமீட்டருக்கு மேல். பிற்பகல் இரண்டு மணிக்கு முந்திய விமானத்தைத் தொடவே கூடாது. பார்சிலோனாவில் துறைமுகமும் விமான நிலையமும் பக்கம் என்பதால் கொஞ்சம் தளர்வு உண்டு. இத்தாலியில் வேலைநிறுத்தங்கள் முன்கூட்டியே அறிவிக்கப்படும். அந்த நாட்களிலும் காலை 7 முதல் 10 வரையிலும், மாலை 6 முதல் 9 வரையிலும் விமானங்கள் பறந்தாக வேண்டும் என்பது விதி. இரண்டு விமானங்களில் எதை எடுப்பது என்று குழம்பினால் மாலையில் பறப்பதை எடுத்துக்கொள்ளலாம்.

விசாவைப் பற்றி ஒன்றே ஒன்று. இத்தாலியும் கிரீஸும் மால்டாவும், 2023 முதல் குரோஷியாவும் ஒரே விசா செல்லுபடியாகும் ஷெங்கன் எல்லைக்குள் இருக்கின்றன. துருக்கியின் குஷாதாசி அதற்கு வெளியே. ஏதென்ஸில் ஏறி, குஷாதாசி போய், மறுபடி கிரேக்கத் தீவுக்கு வருகிற கப்பலுக்கு ஒருமுறை நுழையும் விசா போதாது. பலமுறை நுழைய அனுமதிக்கும் விசா வேண்டும். இது தெரியாமல் பணம் கட்டியவரைச் சிவிதாவெக்கியாவும் காப்பாற்றாது, பிரேயஸும் காப்பாற்றாது.

முன்பணம் கட்டும் முன் ஏஜென்டிடம் மூன்று விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: ஒவ்வொரு ஊரிலும் கப்பல் நிற்கும் துறைமுகத்தின் பெயர், எல்லோரும் ஏற வேண்டிய கடைசி நேரம், விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு பணம் திரும்பும். மூன்றில் ஒன்றுக்குக்கூடப் பதில் வராவிட்டால் வேறு ஏஜென்டைப் பாருங்கள்.

(தொடரும்)