பாற்பல்லில் அடைத்தது ஏன் கழன்று விழுகிறது?

“விழப்போற பல்தானே டீச்சர், அடைச்சும் கழன்று போச்சு. இனி எதுக்கு?” பெற்றார் கூட்டங்களில் நான் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. நான் பல் வைத்தியர் அல்ல. ஆரம்பப் பிரிவு ஆசிரியை. பல்வலியோடு வந்து முதல் பாடத்திலேயே மேசையில் தலை சாய்க்கும் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்தே இந்த விடயத்தைத் தேடிப் படித்தேன்.

முன்பற்கள் 6, 7 வயதில் விழுவதால் பாற்பற்கள் எல்லாமே அப்படித்தான் என்று நினைத்து விடுகிறோம். கடைவாய்ப் பாற்பற்கள் 10 முதல் 12 வயது வரை நிற்க வேண்டியவை. 5 வயதில் சூத்தை விழுந்த கடைவாய்ப் பல்லுக்கு இன்னும் ஐந்தாறு வருட வேலை இருக்கிறது. அதை முந்திப் பிடுங்கினால், 6 வயதளவில் பின்னால் முளைக்கும் நிரந்தரப் பல் முன்னே நகர்ந்து, அடுத்து வரவேண்டிய பல்லின் இடத்தைப் பிடித்துக்கொள்ளலாம்.

பாதரசம் கலந்த வெள்ளி நிற அடைப்பு சிறுவர்களுக்கு இப்போது குறைந்து வருகிறது. இலங்கையும் அங்கம் வகிக்கும் மினமாட்டா உடன்படிக்கையின் நாடுகள், வைத்தியர் அவசியம் எனக் கருதினாலன்றி, 15 வயதுக்குட்பட்டோருக்கு அதைப் பாவிப்பதில்லை என 2022 இல் இணங்கின. எனவே பல்லின் நிறத்திலான அடைப்பே இனி நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கும். அதில் பிரதானமாக இரண்டு வகை. நீல ஒளி காட்டி இறுகச் செய்யும் கொம்பொசிட் உறுதியானது, அழகானது. ஆனால் அடைத்து முடியும் வரை பல் காய்ந்திருக்க வேண்டும். நாக்கைச் சும்மா வைத்திருக்காத ஐந்து வயதுக் குழந்தையிடம் அது லேசான காரியமா? கிளாஸ் அயனோமர் பல்லோடு தானாகவே ஒட்டும், சற்று ஈரத்தையும் தாங்கும், புளோரைட்டையும் கசியவிடும். ஆனால் தேயும், உடையும்.

எந்த மருந்து என்பதைவிட ஓட்டை எங்கே என்பதுதான் பெரிய விடயம். இயந்திரத்தால் குடையாமல் கைக்கருவியால் சுரண்டி கிளாஸ் அயனோமர் அடைக்கும் முறையைப் பல நாடுகளில் ஆராய்ந்திருக்கிறார்கள். பாற்பல்லின் ஒரு பக்கத்தில் மட்டும் ஓட்டை இருந்தால், இரண்டு வருடங்களின் பின்னும் 100 இல் 90 இற்கு மேற்பட்ட அடைப்புகள் நின்றன. இரு பற்களுக்கிடையில் அரித்து ஒரு பக்கச் சுவரே போயிருந்தால் 60 முதல் 65 வரைதான். பாற்பல்லின் மிளிரி மெல்லியது. சுவர் போன பின் பிடித்து நிற்க இடமும் குறைவு. பக்கத்து முரசிலிருந்து இரத்தம் கசிந்தால் ஒட்டுவதும் கெடும்.

ஆகவே “எந்த மருந்து நல்லது?” என்று கேட்பதை விட, “ஓட்டை பல்லின் மேலேயா, இடையிலா?” என்று கேளுங்கள். இடையில் என்றால், இந்தப் பல்லுக்கு உலோகத் தொப்பி பொருந்துமா என்றும் கேளுங்கள். பல்லை முழுதாக மூடும் துருப்பிடிக்காத எஃகு உறை அது. ஊசியும் இல்லாமல் குடையாமலும் அதைப் பொருத்தும் முறையும் உண்டு. அடைப்பை விட இத்தகைய உறைகளில் பின்னர் வலியும் பெரிய பழுதும் குறைவாக இருக்கும் என்றே 2015 கொக்ரேன் மதிப்பாய்வும் சொல்கிறது. “வெள்ளியாய்த் தெரியும், பிள்ளையைப் பகிடி பண்ணுவாங்க” என்று உம்மாமார் தயங்குகிறார்கள். என் வகுப்பு அனுபவத்தில் பிள்ளைகள் அதை ஒரு நாள் வேடிக்கை பார்ப்பார்கள், மறுநாள் மறந்து விடுவார்கள்.

நன்றாக அடைத்த பல்லும் வீட்டில் கவனிக்காவிட்டால் ஓரத்தில் மீண்டும் அரிக்கும். இரவில் படுக்கும் முன் புளோரைட் பற்பசையால் துலக்க வேண்டும். 3 வயதுக்குக் கீழ் அரிசியளவு, அதன்பின் பட்டாணியளவு. 7 வயது வரையாவது பிரஷ் உங்கள் கையில் இருக்கட்டும்.

அடைப்பு கழன்றால், வலி தொடங்கும் வரை காத்திராமல் பாடசாலைப் பற்சிகிச்சை நிலையத்துக்கோ வைத்தியசாலையின் பல் பிரிவுக்கோ கூட்டிப் போங்கள். ஓட்டை சிறிதாக இருக்கும்போது திரும்ப அடைக்கலாம். இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வலி வந்து விட்டால் அரிப்பு நரம்பு வரை போயிருக்கக் கூடும். அப்போது அடைப்பு மட்டும் போதாது. முகம் வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே போங்கள். அந்த நாள் லீவுக்கு எந்த வகுப்பாசிரியையும் ஒன்றும் சொல்லமாட்டார்.