மாலை ஆறு மணிப் பசி

ஞாயிற்றுக்கிழமை காலை தங்கை மகள் வந்திருந்தாள். அடை வார்க்கக் கல்லை அடுப்பில் வைத்தேன். "எனக்கு டீ மட்டும் போதும் பெரியம்மா, காலையில சாப்பிட்டுப் பழக்கமே இல்ல" என்றாள். வயது 26. நீர்க்கட்டிக்கு மாத்திரை எடுக்கிறாள்.

"சாயந்திரம் ஆறு மணிக்கு என்ன சாப்பிடுவே?"

சிரித்தாள். ஆபீஸ் கேன்டீனில் ஒரு பஃப்ஸ், பஸ் ஸ்டாப்பில் இரண்டு பஜ்ஜி, வீட்டுக்கு வந்ததும் முறுக்கு டப்பா. ராத்திரிச் சாப்பாடு அதற்கப்புறம், ஒன்பதரைக்கு.

"ஆனா காலையில நிஜமாவே பசிக்கிறதில்ல. பத்து மணிக்கு லேசாக் கிள்ளும், அப்புறம் தானாப் போயிடும்."

போகும்தான். வயிற்றில் கிரெலின் என்று ஒரு ஹார்மோன் சுரக்கிறது. 1999இல் ஜப்பான்காரர்கள் கண்டுபிடித்தது. வழக்கமாகச் சாப்பிடும் நேரம் நெருங்கினால் ஏறும். அந்த நேரத்தில் சாப்பிடாவிட்டாலும் கொஞ்ச நேரத்தில் தானே இறங்கிவிடும். பசி போய்விட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அது சாயந்திரத்துக்கு வாய்தா வாங்கிக்கொண்டு போயிருக்கிறது.

அமெரிக்காவில் மிசௌரி பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 2013இல் வெளிவந்த ஆய்வு. காலைச் சாப்பாட்டைத் தவிர்த்தே பழகிய, எடை கூடிய 20 இளம்பெண்கள். ஒரு வாரம் வெறும் வயிறு. ஒரு வாரம் 13 கிராம் புரதமுள்ள சீரியல். ஒரு வாரம் 35 கிராம் புரதத்தோடு முட்டையும் மாட்டிறைச்சியும். இரண்டு சாப்பாட்டிலும் கலோரி ஒன்றுதான், 350. சாப்பிட்ட இரண்டு வாரமும் பகல் பசி குறைந்தது. ஆனால் கிரெலின் இறங்கியதும், 'போதும்' என்று குடல் சொல்லியனுப்பும் பிஒய்ஒய் ஹார்மோன் ஏறியதும், சாயந்திரம் எண்ணெய்ப் பண்டங்களில் கை போவது குறைந்ததும் புரதம் கூடிய வாரத்தில் மட்டும். ஆய்வுக்குப் பணம் கொடுத்ததில் மாட்டிறைச்சி, முட்டைத் தொழில்காரர்களும் உண்டு. அதையும் மனதில் வைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டும்.

"அப்போ நாலு இட்லி சாப்பிட்டா?"

ஒரு இட்லியில் புரதம் இரண்டு கிராம் வந்தாலே அதிகம். ஒரு முட்டையில் ஆறு. 35 கிராமுக்கு ஆறு முட்டை உடைக்க வேண்டும். அது நம் வீட்டில் நடக்கிற காரியமில்லை. அடை, பெசரட்டு, சுண்டல், இட்லியோடு ஒரு முட்டை என்று அந்தப் பக்கமாக நகர்ந்தால் போதும்.

அவளுக்கு நான் முக்கியமாகச் சொன்னது வேறு. அதே 2013இல் இஸ்ரேலில் டேனியெலா யாகுபோவிட்ஸ் குழுவினர், நீர்க்கட்டி உள்ள ஒல்லியான 60 பெண்களை இரண்டாகப் பிரித்து 90 நாள் பார்த்தார்கள். எல்லோருக்கும் நாளைக்கு 1800 கலோரி. ஒரு பாதிக்குக் காலையில் 980, ராத்திரி 190. மறு பாதிக்கு அப்படியே தலைகீழ். காலையில் நிறையச் சாப்பிட்டவர்களுக்கு இன்சுலின் பாதிக்கு மேல் குறைந்தது, ரத்தத்தில் கட்டுப்படாமல் திரியும் டெஸ்டோஸ்டிரோன் பாதியாகக் குறைந்தது, கருமுட்டை வெளிப்படுவதும் கூடியது. காரணம் இதுதான்: காலையில் உடம்பு இன்சுலினின் சொல்பேச்சைக் கேட்கும், கொஞ்சம் சுரந்தாலே வேலை முடியும். ராத்திரி அதே சாப்பாட்டுக்கு அதிகம் சுரக்க வேண்டியிருக்கும். மிஞ்சிய இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனைச் சுரக்க வைக்கும். மாதவிலக்கு தள்ளிப்போவதும் முகத்தில் முடி வளர்வதும் பெரும்பாலும் அதன் வேலை.

"அப்போ காலையில சாப்பிட்டா இளைச்சிடுவேனா?"

அந்த வாக்குறுதியை மட்டும் நான் தரவில்லை. 2019இல் 13 ஆய்வுகளைச் சேர்த்து அலசியதில், காலையில் சாப்பிட்டவர்கள் நாளைக்கு 260 கலோரி கூடுதலாகவே சாப்பிட்டிருந்தார்கள். எடையும் அரைக் கிலோவை ஒட்டிக் கூடுதல். காலைச் சாப்பாட்டை ஏற்றிவிட்டு ராத்திரித் தட்டை அப்படியே வைத்திருந்தால் கணக்கு அப்படித்தான் வரும். இஸ்ரேல் பெண்களுக்கு மொத்தம் கூடவில்லை, நேரம்தான் மாறியது.

பேசிக்கொண்டே இரண்டு அடையைச் சாப்பிட்டுவிட்டாள், வெல்லத்தோடு. டீ ஆறிப்போயிருந்தது.

இதைப் படித்துவிட்டு நாளையே மாற்றிக்கொள்ள நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவராக இருந்தால் முதலில் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். சாப்பாட்டு நேரம் மாறினால் மருந்தின் நேரத்தையும் அளவையும் மாற்ற வேண்டிவரலாம்.